மருந்துக் கவுன்ட்டர் திரை: ஓர் இடைமுகத்தை நல்லது, கெட்டது என்று எதை வைத்துச் சொல்வது?

நொய்யல்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோவைப் பக்கம் ஒரு சிறிய மென்பொருள் குழுவில் வேலை செய்கிறேன். நடுத்தர மருத்துவமனைகளின் மருந்துக் கவுன்ட்டர்களுக்கு பில் போடுவதும் இருப்புக் கணக்கு வைப்பதும் எங்கள் மென்பொருளின் பணி. பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருந்த பழைய திரையை மாற்றி, புதிய திரை ஒன்றை அண்மையில் ஒரு மருத்துவமனையில் நிறுவினோம்.

பழைய திரை பார்க்க அழகாக இருக்காது. சாம்பல் நிறப் பின்னணியில் நெருக்கமான கட்டங்கள். நோயாளியின் பெயர், மருந்து, பேட்ச் எண், காலாவதித் தேதி, எண்ணிக்கை, விலை அனைத்தும் ஒரே பக்கத்தில் அடைந்திருக்கும். சேமி பொத்தானை அழுத்தினால் சில நொடிகள் திரை உறைந்து நின்று, சர்வரிலிருந்து பதில் வந்த பிறகுதான் அடுத்த பில்லுக்கு வழிவிடும். புதிய திரையில் இதே வேலை மூன்று படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. எழுத்து பெரிது, இடைவெளி தாராளம், நிறங்கள் இதமானவை. சேமி பொத்தானை அழுத்திய நொடியிலேயே பச்சைக் குறி தோன்றி, "பில் சேமிக்கப்பட்டது" என்று வந்துவிடும். சர்வருக்கு அனுப்பும் வேலை பின்னணியில் நடக்கும்.

கவுன்ட்டரில் இருப்பவர்களுக்குப் புதிய திரை பிடிக்கவில்லை. இணையம் மந்தமாக இருக்கும் நாள்களில் பச்சைக் குறி வந்த பில்களில் சில சர்வருக்குப் போய்ச் சேராமல், மாலையில் இருப்பு சரிபார்க்கும்போது கணக்கு இடிக்கிறது. எதை நீக்கினாலும் "உறுதியாக நீக்கவா?" என்று ஒரு பெட்டி வருவதும் அவர்களுக்கு எரிச்சலாக இருக்கிறது. எங்கள் குழுத் தலைவரோ, பழைய திரைக்குப் பழகிய கை புதியதை எதிர்ப்பது இயல்பு, சில மாதங்களில் சரியாகிவிடும் என்கிறார். அவர் சொல்வதை முற்றாக மறுக்கவும் முடியவில்லை, ஏற்கவும் மனம் வரவில்லை.

அழகு, பழக்கம் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, ஓர் இடைமுகம் நல்லதா கெட்டதா என்று தீர்மானிக்க உறுதியான அளவுகோல் ஏதும் உண்டா? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் குழுவில் எடுத்துப் பேச உதவியாக இருக்கும்.

---

மேட்டூரான்

அனல்மின் நிலையம் ஒன்றின் கட்டுப்பாட்டு அறையில் கருவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்வியில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்தப் பச்சைக் குறி. மூன்று படிகளையும் இதமான நிறங்களையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நடக்காத ஒன்றை நடந்துவிட்டதாகச் சொல்லும் திரை கெட்ட திரை. என் அளவுகோல் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

எங்கள் துறையில் பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரும் படிக்கிற ஒரு விபத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தின் 2ஆம் அலகில், 1979 மார்ச் 28 அதிகாலை 4 மணிக்கு நீர் செலுத்தும் பம்புகள் நின்றன. அணுவுலை தானாகவே நிறுத்தப்பட்டது. உள்ளே அழுத்தம் ஏறியதால், அதைத் தணிக்க மேலே இருந்த வால்வு திறந்தது. இதுவரை எல்லாம் வடிவமைத்தபடியே நடந்தது. சில நொடிகளில் அழுத்தம் இறங்கியதும் மூடிக்கொள்ள வேண்டிய அந்த வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. குளிர்விக்கும் நீர் அதன் வழியே வெளியேறிக்கொண்டே இருந்தது.

கட்டுப்பாட்டுப் பலகையில் அந்த வால்வுக்கென்று ஒரு விளக்கு இருந்தது. வால்வைத் திறக்கும் மின்காந்தச் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் எரியும். மின்சாரம் நின்றால் அணையும். அதாவது அந்த விளக்கு காட்டியது வால்வுக்குப் போன ஆணையை மட்டுமே. வால்வு உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறிய அதற்கு வழியே இல்லை. மூடும் ஆணை போனது, விளக்கு அணைந்தது, வால்வு மூடிவிட்டது என்று இயக்குநர்கள் எடுத்துக்கொண்டார்கள். முதல் சில நிமிடங்களிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட அபாய ஒலிகளும் விளக்குகளும் ஒரே நேரத்தில் கிளம்பின. எது முக்கியம், எது உதிரி என்று பிரித்துக் காட்ட எந்த ஏற்பாடும் இல்லை. உலையின் மையத்தில் நீர் எவ்வளவு இருக்கிறது என்று நேரடியாகக் காட்டும் கருவியும் இல்லை. வேறொரு கலத்தின் நீர்மட்டம் உயர்ந்து தெரிந்ததை வைத்து, நீர் அதிகமாகிவிட்டது என்று கருதி, தானாக ஓடத் தொடங்கியிருந்த அவசர நீர் செலுத்தலைக் குறைத்துவிட்டார்கள். சிக்கிய வால்வு இருந்த அதே குழாயில் இருந்த தடுப்பு வால்வை யாரோ மூடச் சொல்லி மூடும்போது 2 மணி 20 நிமிடம் கடந்திருந்தது. உலை மையத்தில் ஏறத்தாழ பாதி உருகிப்போனது.

அந்த அறையில் இருந்தவர்கள் பயிற்சி இல்லாதவர்கள் அல்லர். பலகை அவர்களுக்குச் சொன்னதை நம்பி, அதற்கேற்ற நடவடிக்கையை எடுத்தார்கள். விசாரணை ஆணையமும் பயிற்சிக் குறைபாட்டோடு கட்டுப்பாட்டு அறையின் அமைப்பையும் சேர்த்தே குறை சொன்னது.

உங்கள் பச்சைக் குறியும் அந்த விளக்கும் ஒரே இனம். பொத்தான் அழுத்தப்பட்டது என்பது ஆணை. சர்வரில் இருப்பு குறைந்தது என்பது நிலை. ஆணையை நிலையாகக் காட்டாதீர்கள். உங்கள் பழைய திரை உறைந்து நின்றதே, அது தெரியாததைத் தெரியாது என்று காட்டிய நேர்மை. அழகில்லாவிட்டாலும் அந்த ஒரு விஷயத்தில் அது நல்ல திரை.

இதைச் செய்ய முடியாது என்று உங்கள் குழுவில் யாராவது சொன்னால், அவர்கள் கையில் இருக்கும் வாட்ஸ்அப்பைக் காட்டுங்கள். செய்தி இன்னும் போகாவிட்டால் கடிகாரம், சர்வருக்குப் போனால் ஒரு குறி, பெறுபவரின் கைபேசியை அடைந்தால் இரண்டு குறி. ஆணை எங்கே முடிந்தது, நிலை எங்கே தொடங்கியது என்பது எந்தப் பாடமும் இல்லாமல் எல்லோருக்கும் புரிகிறது.

---

மருந்தாளுநர்_மதுரை

கவுன்ட்டரின் அந்தப் பக்கம் நிற்பவளாக எழுதுகிறேன். "பழகிவிடும்" என்ற பதிலை எங்கள் துறையில் இருக்கும் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பழகித்தான் போகும், தவறான திரைக்கும் கை பழகும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

மாலை 6 மணிக்கு மேல் புறநோயாளிகள் கூட்டம் மொத்தமாக வரும்போது எங்கள் கண் திரையில் இருப்பதைவிட மருந்துச் சீட்டிலும் அலமாரியிலும்தான் அதிகம் இருக்கும். அந்த நேரத்தில் ஒரே பார்வையில் நோயாளி, மருந்து, வலிமை (எத்தனை மில்லிகிராம் என்பது), எண்ணிக்கை நான்கும் சேர்ந்து தெரிந்தால்தான் சீட்டோடு ஒத்துப் பார்க்க முடியும். உங்கள் மூன்று படிகளில் மருந்து ஒரு பக்கத்திலும் எண்ணிக்கை அடுத்த பக்கத்திலும் இருந்தால், முதல் பக்கத்தில் பார்த்ததை நினைவில் சுமந்துகொண்டு இரண்டாவதற்குப் போக வேண்டும். சுமந்துகொண்டிருக்கும்போது பக்கத்திலிருந்து ஒருவர் "அக்கா, இருமல் மருந்து இருக்கா?" என்பார். அடைசலாக இருந்தது என்று நீங்கள் எழுதிய பழைய திரையை உங்கள் ஊழியர்கள் விரும்பியதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னும் சில இடங்களைக் கட்டாயம் பாருங்கள். எண்ணிக்கைக் கட்டத்தில் "10" என்று இருந்தால், அது பத்து மாத்திரையா பத்து ஸ்ட்ரிப்பா? இரண்டுக்கும் ஒரே கட்டம், ஒரே தோற்றம் என்றால் என்றைக்காவது ஒருநாள் மாறும். எண்ணுக்குப் பக்கத்திலேயே மாத்திரை, ஸ்ட்ரிப் என்ற சொல் இருக்க வேண்டும். தலைப்பில் எங்கோ மேலே இருந்தால் போதாது. தசமப் புள்ளியும் அப்படியே. 5 மில்லிகிராமை "5.0" என்று காட்டினால் புள்ளி கண்ணில் படாமல் 50 ஆகிவிடும், அரை மில்லிகிராமை ".5" என்று காட்டினால் 5 ஆகிவிடும். அதனால்தான் முழு எண்ணுக்குப் பின்னால் சுழியம் கூடாது, புள்ளிக்கு முன்னால் சுழியம் கட்டாயம் என்று மருந்துப் பாதுகாப்பு அமைப்புகள் நெடுங்காலமாக வலியுறுத்துகின்றன. இன்சுலின் யூனிட்டை "யு" என்ற ஒற்றை ஆங்கில எழுத்தால் குறிப்பதும் கூடாது. அது சுழியமாகத் தெரிந்து 10 யூனிட் 100 ஆகும்.

மருந்தின் பெயரில் முதல் சில எழுத்தைத் தட்டினால் பட்டியல் விழுமே, அதையும் கவனியுங்கள். ஹைட்ராலசின் இரத்த அழுத்தத்துக்கு; ஹைட்ராக்சிசின் அரிப்புக்கும் பதற்றத்துக்கும். அகரவரிசையில் இவை அருகருகே வரும், எழுத்து நீளமும் ஏறத்தாழ ஒன்று. ஆங்கிலப் பெயர்களில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் காட்டும் வழக்கத்தை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2001இல் பரிந்துரைக்கத் தொடங்கியது. உங்கள் பட்டியலிலும் அதைச் செய்யலாம். இன்னொன்று, மீத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு அதை வாரம் ஒருமுறை எடுக்க வேண்டும். தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. உங்கள் திரையில் மருந்தைத் தேர்ந்ததும் "தினமும்" என்று தானாக நிரம்புகிறதா என்று பாருங்கள். நிரம்பினால் இன்றே மாற்றுங்கள். வாரம் ஒருமுறை என்பதுதான் அந்த மருந்துக்குத் தானாக வர வேண்டியது. தினமும் என்று மாற்ற நினைப்பவர் காரணம் எழுதட்டும்.

---

கோடும்_புள்ளியும்

இடைமுக வடிவமைப்பே என் தொழில். மேட்டூரான் ஐயா சொன்னதன் அடிப்படையை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் பழைய திரை உறைந்து நின்றதை நல்லது என்று விட்டுவிட எனக்கு மனமில்லை.

அழுத்தியதற்கு எதிர்வினை ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் வந்தால் உடனே நடந்ததாக உணர்கிறோம். ஒரு நொடியைத் தாண்டினால் எண்ணவோட்டம் தடைபடுகிறது. பத்து நொடியைத் தாண்டினால் கவனம் வேறு வேலைக்குப் போய்விடுகிறது. 1968 முதல் இத்துறையில் புழங்கிவரும் அளவுகள் இவை. திரை உறைந்து நிற்கும்போது, அழுத்தியது பட்டதா இல்லையா என்று தெரியாமல் இரண்டாம் முறை அழுத்துபவர்கள் உண்டு. ஒரே பில் இருமுறை விழுவது அப்படித்தான். எனவே உடனடி எதிர்வினை வேண்டும். ஆனால் அது "அழுத்தியது கிடைத்தது, அனுப்பிக்கொண்டிருக்கிறேன்" என்ற எதிர்வினையாக இருக்க வேண்டும். ஒரு படத்துக்கு விருப்பக் குறி போடும்போது சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் இதயத்தைச் சிவப்பாக்கினால் யாருக்கும் நட்டமில்லை. பணம், மருந்து, இருப்பு என்று வரும்போது அந்தச் சலுகை கிடையாது. இரண்டையும் ஒரே நுட்பத்தால் கட்டியதுதான் உங்கள் குழு செய்த பிழை என்று தோன்றுகிறது.

மருந்துத் துறையில் இருப்பதால், தெராக்-25 பற்றி உங்கள் குழுவில் அனைவரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். கனடாவின் ஏ.இ.சி.எல். நிறுவனம் தயாரித்த கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி அது. 1985க்கும் 1987க்கும் இடையில் ஆறு நோயாளிகள் அதனால் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் இறந்தார்கள். 1986 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். கருவியை இயக்கிய பெண்மணி, எலெக்ட்ரான் முறை என்று குறிக்க வேண்டிய இடத்தில் எக்ஸ்ரே முறைக்கான எழுத்தைத் தட்டிவிட்டார். உடனே கவனித்து, மேல்நோக்கும் அம்பால் அந்த வரிக்குப் போய்த் திருத்தினார். திரையில் எல்லா வரிகளும் சரிபார்க்கப்பட்டதாகக் காட்டின. அவர் மிக வேகமாகத் திருத்தியதால், உள்ளே காந்தங்களை அமைத்துக்கொண்டிருந்த நிரல் அந்த மாற்றத்தைக் கவனிக்கவே இல்லை. திரை ஒன்றைச் சொன்னது. கருவி வேறொரு நிலையில் இருந்தது.

கதிரைச் செலுத்தியதும் கருவி நின்று, "கோளாறு 54" என்று காட்டியது. அதற்கு என்ன பொருள் என்பது திரையிலும் இல்லை, கையேட்டிலும் விளங்கும்படி இல்லை. 202 அலகு தர வேண்டிய இடத்தில் 6 அலகுதான் போயிருக்கிறது என்று திரை சொன்னது. சின்னச் சின்னக் காரணங்களுக்காக அந்தக் கருவி அடிக்கடி இப்படி நின்றுவிடும். ஒரு விசையைத் தட்டினால் தொடரும். அவரும் தட்டினார். 180 ராட் (உடலில் சேரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) பெற வேண்டியவருக்கு 16,500 முதல் 25,000 ராட் வரை போயிருக்கும் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. ஐந்து மாதங்களில் அவர் இறந்தார். மூலக் காரணம் மென்பொருள் பிழையும், முந்தைய மாடல்களில் இருந்த வன்பொருள் தடுப்புகளை நீக்கியதும்தான். அதை இடைமுகத்தின் தலையில் மட்டும் கட்ட முடியாது. ஆனால் அந்தப் பிழை மனிதக் கண்ணுக்குத் தெரியாமல் போனதற்கும், இரண்டாம் முறை கதிர் பாய்ந்ததற்கும் இடைமுகமே பொறுப்பு.

இதில் ஒரு துணைச் செய்தி எனக்கு எப்போதும் உறுத்தும். முதலில் கருவியின் அருகே அமைத்த அளவுகளைத் திரையிலும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. நேரமாகிறது என்று இயக்குபவர்கள் சொன்னதால், என்டர் விசையைத் தட்டினாலே அந்த அளவுகள் நகலாகும்படி மாற்றிக் கொடுத்தார்கள். கேட்டவர்களின் கோரிக்கை நியாயமானது. கொடுத்த விதம் தவறானது. விரைவைக் கேட்டால் சரிபார்ப்பை எடுத்துக் கொடுப்பது வடிவமைப்பாளர்கள் விழும் குழி.

உறுதிப் பெட்டிக்கு வருகிறேன். 2018 ஜனவரி 13 காலை 8:07க்கு ஹவாய் மக்களின் கைபேசிகளில் ஏவுகணை வருகிறது, உடனே தஞ்சம் புகுங்கள் என்ற எச்சரிக்கை வந்தது. உண்மையில் அன்று நடந்தது பயிற்சி மட்டுமே. அனுப்புவதற்கு முன் மென்பொருள் "இந்த எச்சரிக்கையை அனுப்ப உறுதியாக விரும்புகிறீர்களா?" என்று கேட்டது. பயிற்சிச் செய்தியை அனுப்பினாலும் உண்மைச் செய்தியை அனுப்பினாலும் அதே சொற்கள், அதே பெட்டி. அனுப்பிய ஊழியர் உண்மையான தாக்குதல் என்றே நம்பியதாகப் பின்னர் விசாரணைக்கு எழுதிக் கொடுத்தார். எனவே பெட்டி நன்றாக இருந்திருந்தாலும் அவர் ஆம் என்றே சொல்லியிருக்கலாம். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு: தவறு என்று தெரிந்த பிறகு திருத்தச் செய்தி அனுப்ப ஆயத்தமான வழி எதுவும் அந்த மென்பொருளில் இல்லை. 38 நிமிடங்கள் ஒரு மாநிலமே மரண பயத்தில் இருந்தது.

நீக்கும்போதெல்லாம் கேட்கும் பெட்டியைச் சில நாள்களில் கை தானாகவே தட்டிவிடும். வாசிப்பதற்கு அங்கே புதிதாக ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாக நீக்கியதைத் திரும்ப எடுக்க வழி கொடுங்கள். ஜிமெயிலில் அனுப்பிய மடலை 30 நொடி வரை திரும்பப் பெறலாம் என்பது உறுதிப் பெட்டியைவிட எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. திரும்பப் பெறவே முடியாத செயல்களுக்கு மட்டும் பெட்டியை ஒதுக்குங்கள், அப்போதும் "உறுதியா?" என்று கேட்காமல், என்ன நடக்கப் போகிறது என்பதை எழுதுங்கள். "இந்த பேட்சில் மீதமுள்ள 240 மாத்திரைகளும் கணக்கிலிருந்து போய்விடும்" என்ற வரியை வாசிப்பவர் நிற்பார்.

மருந்தாளுநர் தோழி சொன்ன ஸ்ட்ரிப், மாத்திரைக் குழப்பத்துக்கு வான்போக்குவரத்தில் ஓர் இணை உண்டு. 1992 ஜனவரி 20 அன்று லியோனிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் சென்ற ஏர்பஸ் ஏ320 விமானம் மலையில் மோதி, அதில் இருந்த 96 பேரில் 87 பேர் இறந்தார்கள். இறங்கும் வேகத்தையும் இறங்கும் கோணத்தையும் ஒரே குமிழால், ஒரே சாளரத்தில் அமைக்கும்படி அந்த விமானி அறை இருந்தது. "-33" என்று தெரிந்தால் நிமிடத்துக்கு 3,300 அடி; கோண முறையில் "-3.3" என்றால் பாகை. விமானிகள் கோணம் என்று எண்ணி வேகத்தை அமைத்திருக்கலாம் என்பது விசாரணையாளர்கள் முன்வைத்த முக்கியமான விளக்கங்களில் ஒன்று. பிறகு வேகத்தை நான்கு இலக்கத்தில் முழுதாகக் காட்டும்படி மாற்றினார்கள். அலகு வேறுபட்டால் தோற்றமும் வேறுபட வேண்டும்.

---

கரும்பலகை

நான் பள்ளி ஆசிரியன். தேர்தல் பணிக்கு வாக்குச்சாவடிகளுக்குப் போகிறவன். மென்பொருள் அறியேன். "எழுத்து பெரிது, இடைவெளி தாராளம்" என்று கேள்வியில் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்ததை மட்டும் எழுதுகிறேன்.

2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் புளோரிடாவின் பாம் பீச் மாவட்டத்தில் முதியவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று வாக்குச்சீட்டில் எழுத்தைப் பெரிதாக்கினார்கள். பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. அதனால் எதிரெதிரான இரண்டு பக்கங்களில் பெயர்களைப் பிரித்து, துளையிடும் இடங்களை நடுவில் ஒரே வரிசையாக வைத்தார்கள். இடப் பக்கத்தில் இரண்டாவதாக இருந்த, ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அல் கோருக்கு மூன்றாவது துளை. வலப் பக்கத்தின் முதல் பெயரான, சிறிய கட்சி ஒன்றின் வேட்பாளர் புக்கானனுக்கு இரண்டாவது துளை. அந்த மாவட்டத்தில் புக்கானனுக்கு 3,407 வாக்குகள் விழுந்தன. மாநிலம் முழுவதற்குமான முடிவோ 537 வாக்கு வித்தியாசத்தில் தீர்ந்தது. நல்லெண்ணத்தோடு பெரிதாக்கிய எழுத்து, பெயருக்கும் துளைக்கும் இருந்த நேர்கோட்டை உடைத்துவிட்டது.

நம் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தைப் பாருங்கள். ஒரு வரிசைக்கு ஒரு வேட்பாளர். அதே வரிசையில் பெயர், படம், சின்னம், நீலப் பொத்தான். வேட்பாளர் இல்லாத வரிசைகளின் பொத்தான்கள் மறைக்கப்பட்டிருக்கும். அலுவலர் அனுமதித்தால் பச்சை விளக்கு எரியும். பொத்தானை அழுத்தினால் அந்தச் சின்னத்தின் பக்கத்திலேயே சிவப்பு விளக்கு எரியும். பிறகு கண்ணாடிக்குப் பின்னால் வேட்பாளரின் வரிசை எண்ணும் பெயரும் சின்னமும் அச்சான சீட்டு 7 நொடி நின்று பெட்டிக்குள் விழும். "உறுதியாக வாக்களிக்கிறீர்களா?" என்று யாரும் கேட்பதில்லை. நடந்ததைக் கண்ணில் காட்டுகிறது, அவ்வளவுதான். எழுத்தறியாத மூதாட்டிகள்கூட அந்தச் சீட்டைக் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு வெளியே வருவதைக் கண்டிருக்கிறேன்.

உங்கள் புதிய திரையில் இடைவெளிக்காக எதையாவது அதன் இணையிடமிருந்து பிரித்துவிட்டீர்களா என்று பாருங்கள்.

---

நொய்யல்கரை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இந்த இழையை அப்படியே அச்செடுத்து இன்று குழுக் கூட்டத்தில் வைத்தேன். மூன்று படிகளைக் கைவிட்டு, நோயாளி, மருந்து, வலிமை, எண்ணிக்கை நான்கையும் ஒரே பக்கத்தில் கொண்டுவர ஒப்புக்கொண்டார்கள். மீத்தோட்ரெக்சேட்டுக்கு உண்மையிலேயே "தினமும்" என்றுதான் நிரம்பிக்கொண்டிருந்தது. அதை இன்று மதியமே மாற்றிவிட்டோம். பச்சைக் குறிக்கு முன்னால் கடிகாரக் குறி வரும்.

ஆனால் குழுத் தலைவர் ஒரு நியாயமான கேள்வி கேட்கிறார். இணையம் ஒரு மணி நேரம் முழுமையாகத் துண்டிக்கப்பட்டால் எல்லா பில்களும் கடிகாரக் குறியோடு நிற்கும். நோயாளிகளை நிறுத்தி வைக்க முடியாது. கடிகாரத்தைப் பார்த்துக் கவுன்ட்டரில் இருப்பவர்கள் பயந்துபோய் அதே பில்லை மறுபடி போட்டால் என்ன செய்வது என்கிறார்.

---

மருந்தாளுநர்_மதுரை

மருந்து கொடுப்பதை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. எங்களைப் பயமுறுத்துவது கடிகாரக் குறி அல்ல. எத்தனை பில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அவை எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் இருப்பதுதான். அது தெரிந்தால் நோயாளிக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு, கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்வோம்.

---

மேட்டூரான்

அம்மையார் சொன்னதையே திரையில் வையுங்கள். திரையின் மேல் விளிம்பில், எப்போதும் ஒரே இடத்தில், "இந்தக் கணினியில் பத்திரமாக உள்ளவை: 7. சர்வரில் சேர வேண்டியவை: 7" என்ற வரி இருக்கட்டும். இணையம் வந்ததும் இரண்டாவது எண் இறங்கிக்கொண்டே வருவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். சுழியமான பிறகும் அந்த வரியை மறைக்காதீர்கள். மறைத்தால், வரி இல்லாததற்கு எல்லாம் போய்ச் சேர்ந்தது காரணமா, வரியைக் காட்டும் நிரலே நின்றுபோனது காரணமா என்று யாருக்கும் தெரியாது. கடைசியாகச் சர்வரோடு பேசிய நேரத்தையும் அருகில் போடுங்கள். எங்கள் பலகைகளில் எல்லா விளக்குகளையும் ஒருமுறை எரியவிட்டுப் பார்க்க ஒரு சோதனைப் பொத்தான் உண்டு. இருட்டாக இருக்கும் விளக்கு நலமாக இருக்கிறதா, பழுதாகிவிட்டதா என்பதை அறிய வேறு வழி கிடையாது.

---

கோடும்_புள்ளியும்

அதனோடு, ஒவ்வொரு பில்லுக்கும் அது தொடங்கும்போதே அந்தக் கணினியில் ஓர் எண் கொடுத்துவிடுங்கள். பயந்துபோய் சேமி பொத்தானை இரண்டாம் முறை அழுத்தினால், அதே எண்ணோடு வருவதைச் சர்வர் ஒரே பில்லாக எடுத்துக்கொள்ளும். அதே நோயாளிக்கு அதே மருந்துகளோடு புதிதாக ஒரு பில் தொடங்கினால், முந்தையது இன்னும் வரிசையில் நிற்கிறது என்று அந்த இடத்திலேயே காட்டுங்கள். அடுத்த முறை நிறுவும் முன், மாலைக் கூட்ட நேரத்தில் இணைய வயரை வேண்டுமென்றே பிடுங்கிவிட்டு, நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லாமல், கவுன்ட்டரில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பின்னால் நின்று பாருங்கள். மருத்துவமனை நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். குழுத் தலைவரையும் உடன் அழைத்துச் செல்வது நல்லது.